மேஜைக்கடியில் ஓர் உதை

டேய் பங்காளி,

மீட்டிங்கில் நான் வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தால் மேஜைக்கடியில் உதைப்பாயே, அந்த உதை இன்று விழுந்தது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண், "சார், நம்ம மோட்டார் இந்தச் சூட்டைத் தாங்காது" என்றாள். "உன்னை யாரு கேட்டா?" என்று சொல்ல வாயெடுத்தேன். கணுக்காலில் சுரீரென்றது. குனிந்து பார்த்தால் உன் காலி நாற்காலி.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லும்மா."

அவள் சொன்னது சரி. நீயும் அன்று இதையேதான் சொன்னாய். இரண்டு முறை உதைத்தும் பார்த்தாய். நான் காலை இழுத்துக்கொண்டு அந்த "உன்னை யாரு கேட்டா?"வைச் சொல்லியே தீர்த்தேன். அன்று எழுந்து போனவன்தான் நீ.

நாம் தொடங்கிய கம்பெனியில் இப்போது என் குரல் மட்டும்தான் கேட்கிறது. செத்தவன் ஆவியாக வரலாம். இரண்டு தெரு தள்ளி இருப்பவன் வரலாமா? நேரிலேயே வந்து உதைடா.

இப்படிக்கு,
காலை நீட்டியே உட்கார்ந்திருப்பவன்