மேல்காற்றில் ஐந்து புள்ளி இரண்டு

ஏப்ரல் 22, செவ்வாய்

மரக்காணம் உப்பள வட்டாரத்தின் பம்பு மோட்டார் சக்கரவர்த்தியும், முன்னாள் பிரவுசிங் சென்டர் அதிபதியுமான தனகோடியாகிய நான், இன்று காலை பதினொன்று பத்துக்கு, அக்காள் மகள் ரேணுகாவின் கம்ப்யூட்டரை ஐந்து கிகாஹெர்ட்ஸில் ஓட வைத்தேன். கடையிலிருந்து வந்தபோது அதன் வேகம் நான்கு புள்ளி ஏழு. தேவர்களுக்குப் பூமாரி பொழிய நேரமில்லை போல. நானே விசில் அடித்துக்கொண்டேன்.

"சூடு?" என்றாள் ரேணுகா. அவளுடைய முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

"எண்பத்து நாலு டிகிரி. தோசை ஊத்தலாம், வேகாது."

சிரிக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சோதனை ஓட்டி, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "இது போதும் மாமா. இதுக்கு மேல நீ கை வெக்காத."

ஆரோவில்லில் வீடுகளை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்று அவளுக்குச் சோதனை வேலை கொடுத்திருக்கிறது. இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவதுபோல ஒரு நிமிடப் படம். ஆயிரத்து ஐந்நூறு ஃப்ரேம். ஒவ்வொன்றையும் இந்தப் பிராசஸர் நாலு நிமிடம் மென்று துப்ப வேண்டும். மே பன்னிரண்டுக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். அக்காள் யுவராணி இருபது வருடமாக உப்பு வாருகிறாள். பாதம் இரண்டும் வெடித்துப் பாளமாகக் கிடக்கிறது. மகள் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறாள் என்று உப்பளம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 24

கூனிமேடு, பஷீர் பாய் டீக்கடை. "மருமவ மிஷின் எவ்ளோ ஸ்பீடு தனகோடி?" என்றார் பாய்.

வாய் தானாகத் திறந்துகொண்டது. "அஞ்சு புள்ளி ரெண்டு. தமிழ்நாட்டுலயே மூணு பேர்கிட்டதான் இருக்குது. மத்த ரெண்டு பேரும் பயந்து ஆஃப் பண்ணிட்டாங்க."

"ஏம்பா, போன வருஷம் நீ புடிச்ச சுறாவும் அஞ்சு புள்ளி ரெண்டு அடின்னுதானே சொன்ன?"

கடையே சிரித்தது. எத்தனையோ முறை சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிப்புக்கு நானே ஆளாவது வேறு மாதிரி இருக்கிறது. வண்டியில் வரும்போது அந்தச் சிரிப்பு மரக்காணம் வரை பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

ஏப்ரல் 26, சனி

ரேணுகா மீட்டிங்குக்காக ஆரோவில் போனாள். போர்க்களம் காலி.

ஐந்து புள்ளி இரண்டு வைத்தேன். இரண்டு முறை மிஷின் கண்ணைத் திறக்காமலே படுத்துவிட்டது. வோல்டேஜை ஏற்றினேன், எழுந்தது. ஆனால் தொண்ணூற்றேழு டிகிரி! எமலோகத்து எண்ணெய்க் கொப்பரைகூட வெட்கப்படும். சூடு குறைய, வோல்டேஜைக் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கிழக்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். மூன்று மணிக்குக் கடல்காற்று எழுந்தது. எண்பத்தாறுக்கு இறங்கியது. இரண்டு மணி நேரச் சோதனை. ஒரு பிழை இல்லை.

மிஷினின் வேகம், வோல்டேஜ் எல்லாம் மாற்றுகிற பயாஸ் திரையில், அமைப்பைப் பெயர் போட்டுச் சேமிக்க இடம் உண்டு. போட்டேன். ராஜாக்கள் கல்வெட்டு வெட்டவில்லையா?

திரும்பி வந்த ரேணுகா, "உப்பு ஏறும் மாமா" என்றாள், திறந்த பெட்டியைப் பார்த்து. "பத்து நாள்தானே. காத்து வாங்கட்டும்" என்றேன். வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு மணி நேர வேலையில் என் வீரத்தால் மிச்சமாவது நாலு மணி நேரம். அதையும் அவளிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியாது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஃப்ரேம்களைப் படமாக்கும் ரெண்டரும் ஆரம்பம். ரேணுகா கற்பூரம் காட்டினாள். நான் பிராசஸருக்கு ஒரு வீர உரை நிகழ்த்தினேன். யுவராணி, "போடா, கரண்டு போவாம இருந்தா சரி" என்றாள்.

மே 5

மேற்கேயிருந்து மேல்காற்று. விடிந்ததிலிருந்து அடுப்பு வாயில் நிற்பதுபோல் அடிக்கிறது. கடல்காற்று நாலு மணிக்குத்தான் தலை காட்டியது. பாத்தியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. "இப்டி ஒரு உப்பு இந்த வருஷம் ஏறவே இல்லடா" என்றாள் அக்காள். பம்பு செட்டில் நின்றுகொண்டு அந்தக் காற்றை வாயாரப் புகழ்ந்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. ஒன்றையும்.

மே 6

படங்களில் கறுப்புக் கட்டங்கள்.

எல்லாவற்றிலும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் ஒன்று, மாடிப்படியில் மூன்று, பூந்தொட்டியைப் பாதி கடித்தபடி ஒன்று. ரேணுகா ஒவ்வொரு ஃப்ரேமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "காலையில வந்ததுலதான் மாமா இருக்குது. சாயங்காலம் வந்ததெல்லாம் க்ளீனா இருக்குது. ஏன்?"

ஏன் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகக் காற்றைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். எந்தக் காற்று எத்தனை மணிக்கு வரும், எது காயவைக்கும், எது குளிரவைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் சோதனையைக் கடல்காற்றில் மட்டும் ஓட்டிவிட்டு ராஜ்யம் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறேன். கிள்ளி எடுத்த வோல்டேஜ் குளிர்ச்சியில் போதும். மேல்காற்றுச் சூட்டில் போதாது. கணக்குத் தப்பும். தப்பியிருக்கிறது.

"அஞ்சுலதானே மாமா ஓடுது?"

"ஆமாம்மா."

"நார்மல் ஸ்பீடுக்கே மாத்திடட்டுமா?"

"ஸ்பீடுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ போட்ட கண்ணாடி, லைட்டு எதுனா கோளாறா இருக்கும். அத பாரு."

சொன்னேன். நான்தான் சொன்னேன். இந்த வாய்.

மே 8

இரண்டு நாளாக அவள் கண்ணாடியை மாற்றுகிறாள், விளக்கை மாற்றுகிறாள், மறுபடி ஓட்டுகிறாள். "எனக்கே புரியல மாமா, எங்க தப்பு பண்ணேன்னு" என்று சொல்லித் தன் தலையில் குட்டிக்கொண்டாள். இப்போது சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் கொண்டு போய் வைத்தபோது சொல்லியிருக்கலாம். வெளியே வந்து, பாத்தி வரப்பில் நின்று, மேல்காற்றைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அது பாட்டுக்கு அடித்தது.

மே 10

மத்தியானம் நீலத்திரை. மிஷின் மொத்தமாக நின்றுவிட்டது. ரேணுகா தானே பயாஸுக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

பிறகு திரையில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"தனகோடி மகாராஜா. அஞ்சு புள்ளி ரெண்டு."

திரும்பிப் பார்த்தாள். கத்துவாள், எதையாவது தூக்கி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வெளிய போறீங்களா? நான் வேலை பாக்கணும்" என்றாள்.

போறீங்களா. இருபத்து மூன்று வருடமாக இந்த வாயிலிருந்து 'நீ'தான் கேட்டிருக்கிறேன்.

மே 12

நான்கு புள்ளி ஏழில் வைத்து, தகட்டை மூடி, இரண்டு நாள் ஓட்டினாள். பிழை ஒன்றுகூட வரவில்லை. நாள்தான் போதவில்லை. நல்ல ஃப்ரேம்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்தாலும் வீடு சமையலறை வாசலோடு முடிந்துபோகிறது. அனுப்பினாள்.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து செந்தமிழ் மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது. "ஒர்க் ரொம்ப நல்லாருக்கு ரேணுகா. ஆனா க்ளையன்ட் வந்து உக்காந்துட்டாங்க. பாதி வீட்ட வெச்சிக்கிட்டு நான் என்னம்மா காட்டுறது? சிஸ்டம்ல எதுனா ப்ராப்ளமா?"

"இல்ல மேடம். நான்தான் டைமுக்கு முடிக்கல."

வேலை இன்னொருவருக்குப் போகிறது. யுவராணி ஒன்றும் புரியாமல் மகளைத்தான் திட்டினாள். "ரெண்டு மாசமா பொட்டி முன்னாடி உக்காந்து என்னாத்தடி கிழிச்ச?" ரேணுகா என் பெயரை இழுக்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை.

மே 13

சொன்னேன். காலையில், பாத்தியில், அக்காளிடம். உப்பு வாரும் பலகையை அப்படியே கீழே போட்டாள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துக்கொண்டு மறுபடி வாரினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மே 21

டீக்கடைக்குப் போகவில்லை. இன்றும்.

ஜூன் 2

திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டும் வேலை ரேணுகாவுக்கு. ஏழு மணி பஸ். மாப்பிள்ளைக்குப் பின்னால் தாஜ்மஹாலை வைப்பதற்கு இத்தனை பெரிய பிராசஸர் தேவையில்லை என்று அக்காளிடம் சொன்னாளாம்.

ஜூன் 15, ஞாயிறு

கம்ப்யூட்டரை விற்கப் போகிறாள். இடையஞ்சாவடியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவராம். பொறுமையாகப் பார்த்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். திருகாணிகளில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. "கடல் பக்கம், அப்டிதான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "இத ஓவர்க்ளாக் பண்ணி எதுனா ஓட்டியிருக்கீங்களா?"

ரேணுகா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. நான்தான் ஓட்டினேன்" என்றேன். "அஞ்சு புள்ளி ரெண்டு. ரெண்டு வாரம். சூடு தாங்காம நின்னுபோச்சு. இப்ப நல்லா ஓடுது. ஆனா உள்ள என்ன ஆயிருக்குதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் டார்ச்சை அணைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கிறவர் இவ்வளவு வேகமாக வண்டியை ஸ்டார்ட் செய்யமாட்டார்.

ரேணுகா தகட்டை மாட்டி ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினாள். முதுகைத் திருப்பியபடியே சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம வேற ஒருத்தர் வர்றாரு. அவர் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"நீங்க இருக்குற நேரத்துலதான் வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.