பாதியில் நிற்கும் ஓட்டங்கள்

அப்பா,

நான் பின்தங்கியதும் நீங்கள் வீடியோ எடுப்பதை நிறுத்திவிடுகிறீர்கள்.

பதினைந்து வயதில் தங்கம் வாங்கிய ஓட்டம் மட்டும்தான் உங்கள் போனில் முழுதாக இருக்கிறது. அதற்குப் பிந்திய மூன்று வருட ஓட்டங்கள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. நீங்கள் எனக்கு அனுப்பியவற்றை எங்கள் விளையாட்டு விடுதியின் உளவியல் ஆலோசகர் பார்த்துவிட்டு, "மீதி எங்கம்மா? காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று சிரித்தார்.

ஜெயித்தவளைத் தோளில் தூக்கும் ஊர், தோற்றவளுக்கு முதுகைத்தான் காட்டும். பெற்றவருமா?

போன மாத ஓட்டத்தை என்னோடு ஓடியவளின் அம்மா முழுதாக எடுத்திருந்தார். ஆலோசகர் அதைப் பத்து முறை பார்க்க வைத்தார். கடைசி நூறு மீட்டரில் நான் இரண்டு பேரை முந்தியிருக்கிறேன். தோற்ற துக்கத்தில் அது எனக்கே தெரியவில்லை.

நேற்று ஐந்தாவதாக வந்தேன். வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மறுபடி ஓடுகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நான் எத்தனையாவதாக வந்தாலும், வரும்வரை எல்லைக்கோட்டருகே நில்லுங்கள்.

உங்கள் மகள்