பின்பக்கமாகப் போகும் வேனை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
கடைத்தெருத் தையல்காரர்
(வேன்கார நர்ஸின் தம்பி)

பெறுநர்:
சோதனைச் சாவடிகளின் உயர் அதிகாரி அவர்கள்

பொருள்: பின்பக்கமாக ஓட்டியதற்காகப் பிடித்து வைக்கப்பட்டுள்ள என் அக்காவின் வேனைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று பக்கத்துக் கடையில் சைக்கிள் டயர் வெடித்ததற்கு நான் துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். அளவு கொடுக்க வந்தவர்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கீழே நான் எழுதியிருக்கும் பெண்மணி எனக்கு உடன்பிறந்தவர் என்பதைத் தாங்கள் தயவுசெய்து நம்ப வேண்டும்.

1. இரு படைகளுக்கும் நடுவே ஒரு மனநல மருத்துவமனை மாட்டிக்கொண்டிருக்கிறது. சண்டை வந்ததும் டாக்டர்கள் ஓடிவிட்டார்கள். நோயாளிகளின் ஞாபகம் ஓய்வுபெற்ற நர்ஸான அக்காவுக்கு மட்டும்தான் வந்தது. வாராவாரம் ரொட்டி, மருந்து, சோப்போடு போகிறார். நகம் வெட்டிவிடுகிறார். அங்கே நோயாளியாக இருக்கும் ஒரு வாத்தியார் வேனைக் கண்டதும், “பஸ் வந்துடுச்சா?” என்று ஓடி வருவாராம். அக்கா அவரை ஏற்றி உட்காரவைத்து, ஹாரன் அடித்துக் காட்டி, “ஊரு வந்தாச்சு, இறங்குங்க சார்” என்று இறக்கிவிடுவார்.

2. அந்தப் பாதையில் ஒரு வேன் அகலத்துக்குத்தான் கண்ணிவெடி அகற்றியிருக்கிறார்கள். திருப்ப இடமில்லை. ஆகவே சாவடிக்கு முன்பே வண்டியைத் திருப்பி, கடைசிவரை பின்பக்கமாகவே போகிறார். சுட ஆரம்பித்தால் நேராக வெளியே வந்துவிடலாம்.

3. புதிதாக வந்த சாவடிக்காரர், “என்னம்மா, போறீங்களா, வர்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். “மூஞ்சி வருது, வண்டி போகுது. கேட்டைத் திற தம்பி” என்றாராம் அக்கா. (இந்த வாய் எங்கள் குடும்பச் சொத்து. வாயில் எனக்குச் சரிபாதி வந்தது. தைரியம் முழுவதையும் அக்கா எழுதி வாங்கிக்கொண்டார்.) போக்குவரத்து விதியை மீறியதாக வேனைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

4. வெள்ளிக்கிழமையோடு அங்கே வலிப்பு மாத்திரை தீர்கிறது. “நடந்தே போறேன்டா, தோள்ல மாட்ட ஒரு பை தைச்சுக் குடு” என்கிறார் அக்கா. வேண்டுமென்றே மெதுவாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். “ஒரு பைக்கு இவ்வளவு நேரமாடா? கல்யாணக் கோட்டா தைக்கிறே?” என்று திட்டு விழுகிறது. நாளைக்கு மேல் இழுக்க முடியாது.

ஆகவே ஐயா, நான் கடைசித் தையலைப் போடுவதற்குள் வேனை விடுவித்து, அது எந்தப் பக்கம் பார்த்து வந்தாலும் கேட்டைத் திறக்க உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தையல் கடை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
மேசைக்கு வெளியே அமர்ந்து கையெழுத்திடும்
தம்பி

இணைப்பு: வேனின் பதிவு நகல். ஓட்டுநர் உரிம நகல் இணைக்க இயலவில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்று அக்காவை ஒவ்வொரு தேர்விலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.