பக்கத்து வீட்டுத் தண்ணீர்

டாசன் ஓடை, மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 9

அன்புள்ள மகள் ரோவீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவும் நானும் ஒரு குறையும் இல்லாதவர்கள் போல நடமாடிக்கொண்டிருக்கிறோம். பனி இறங்கியதும் எனக்கு இருமல் மறுபடி தொடங்கிவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் விழுங்கிய தூசி இனி எங்கே போகப் போகிறது? போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும் நீ “அம்மாகிட்ட குடுங்கப்பா” என்பாய். கடிதம் என்றால் கடைசி வரை நானே பேசலாம். நடுவில் யாரும் மைக்கை அணைக்க முடியாது.

ஆகஸ்டில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றி நாம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடிநீர் வாரியத்தின் சார்பில் பேச நீ வருகிறாய் என்று தெரிந்ததும் உன் அம்மா காலையிலேயே கோழியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். கூடத்தில் நாற்காலி போதவில்லை. தீயணைப்பு வண்டியின் படியில்கூட ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். நீ மேசைக்குப் பின்னால், நீலக் கோட்டில். “எப்படி மெலிஞ்சுட்டா பாருங்க,” என்று அம்மா என் காதில் சொன்னாள். அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு வாண்டா ஜூன் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு ஊறுகாய் ஜாடியில் பிடித்து வந்து உங்கள் முன்னால் வைத்தாள். கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. “குடிங்க ஐயா, எங்க ஊருக்கு விருந்தாளியா வந்திருக்கீங்க,” என்றாள். கூடமே சிரித்தது. உன் பக்கத்திலிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஜாடியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். நீ தாளைப் பார்த்துப் படித்தாய்: நிறம் பார்வைக்குத்தான் சங்கடம், உடம்புக்குக் கெடுதல் இல்லை, எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய அதே குரல்.

பிறகு நான் எழுந்தேன். மூடிப்போட்ட மேல் சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் நம் குழாய்களுக்குத் தண்ணீர் எடுக்கும் வாரியக் கிணற்றுக்குள் இறங்குகிறதா இல்லையா, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்தச் சுரங்கத்துக்குள் எந்தப் பாறை எங்கே பிளந்திருக்கிறது என்று பார்த்தவன் நான். கேள்வியை முடிக்கவில்லை. “மிஸ்டர் மல்லின்ஸ், உங்க நேரம் முடிஞ்சுது. தயவுசெஞ்சு உட்காருங்க,” என்றாய். மைக் செத்துப்போனது. பின்வரிசையிலிருந்து நம் தெரு எல்லிஸ் கத்தினான்: “உட்காரு ஆர்வில்! உன் பொண்ணு உன்னை ஒழுக்கமா வளர்த்திருக்கா!”

மிஸ்டர் மல்லின்ஸ். என்னை அப்படி அழைத்தவர்கள் இதுவரை இரண்டே வகை ஆட்கள்: வேலையிலிருந்து நீக்க வந்தவர்கள், டாக்டர்கள்.

கூட்டம் முடிந்து வாரியத்தின் கார் நம் வீட்டைத் தாண்டித்தான் போனது. அம்மா ஜன்னலில் நின்றிருந்தாள். ஆபீஸ் கார் என்பதால் உன்னால் நிறுத்த முடியவில்லை என்று அவளே உனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோழியை நாங்கள் இரண்டு பேரும் நாள் கணக்கில் தின்றோம்.

இதையெல்லாம் நான் விழுங்கியிருப்பேன். சம்பளம் கொடுப்பவன் எழுதிக்கொடுத்ததைப் படிப்பது ஒன்றும் உலகத்தில் நீ மட்டும் செய்வதில்லை. இப்போது எழுத வந்த காரணம் வேறு.

வாண்டாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. செப்டம்பரில் தெரிந்தது. நீ கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று நம் வண்டி கிளம்பாமல் மக்கர் செய்தபோது, வேலைக்கு லீவு போட்டு, உன் பெட்டிகளைத் தன் வண்டியில் ஏற்றி, உன்னை விடுதி வாசல் வரை கொண்டுபோய் விட்டவள் அவள்தான். உனக்கு மறந்திருக்காது. இன்னமும் வீடு வீடாகப் போய் எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துத்தான் பிழைக்கிறாள். குளிப்பாட்டும்போது எல்லார் முதுகிலும் ஒரே மாதிரிப் புண்ணைப் பார்த்துத்தான் தண்ணீர்ச் சங்கத்தையே தொடங்கினாள். இப்போது அவளுக்கே மலைக்கு அந்தப் பக்கம் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அவள் புருஷனுக்கு ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் நான்தான் ஓட்டிப் போகிறேன். எதனால் வந்தது என்று எழுதித்தர எந்த டாக்டரும் தயாராக இல்லை.

அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நம்ம ரோவீனா சொன்னா, ஆர்வில். போன வருஷமே போன்ல சொன்னா. ‘குழாய்த் தண்ணியக் குடிக்காதம்மா, அதுல சமைக்காத, கடைத் தண்ணி வாங்கிக்க. ஏன்னு கேக்காத. யார்கிட்டயும் மூச்சு விடாத, என் வேலை போயிரும்’னு சொன்னா.”

ஒரு வருடமாக அந்தக் கடைத் தண்ணீர்க் கேன்களை வண்டியிலிருந்து இறக்கிச் சுமந்தவன் நான், ரோவீனா. காபி ருசியாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன். வாண்டா தன் வாசலில் நின்று, “என்ன க்ளெட்டா, லாட்டரி விழுந்துச்சா? தண்ணியக்கூட காசு குடுத்து வாங்குறீங்க!” என்று கேலி செய்வாள். உன் அம்மா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது.

சங்கம் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டிருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். இலவசச் சட்ட உதவியிலிருந்து மிஸ் ப்ரூவிட் என்று ஒரு பெண் வாதாடுகிறாள். தண்ணீர் கெட்டது என்று காட்டினால் மட்டும் போதாதாம். வாரியத்துக்கு அது முன்பே தெரியும் என்று காட்ட வேண்டுமாம். காட்டினால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதுக் குழாய் போட நீதிபதி உத்தரவு போடுவார் என்கிறாள். சாட்சிகளில் என் பெயரும் இருக்கிறது. பைபிளில் கை வைத்த பிறகு, அவள் கேட்பதற்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். அம்மா தினமும் அழுகிறாள். “பெத்த பொண்ணைக் கோர்ட்டுல காட்டிக் குடுப்பீங்களா?” என்று கேட்கிறாள். வாண்டாவை வண்டியில் உட்கார வைத்து மலை ஏறும்போது, எனக்குத் தெரிந்ததை அவளிடம் மறைத்துத்தான் ஓட்டுகிறேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் சொல்வதற்கு முன்னால் நீயே வந்து சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. நீ வாயைத் திறந்தால் நான் திறக்க வேண்டியிருக்காது.

கடவுள் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆர்வில் மல்லின்ஸ்


டாசன் ஓடை
பிப்ரவரி 20

மகள் ரோவீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. தபால்காரர் ஒரு வாரமாக வரவில்லை. இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது.

கோர்ட்டுக்கு நீ வரவில்லை. உன் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம் வந்தது. அப்படி ஒரு எச்சரிக்கையை யாருக்கும் எப்போதும் கொடுக்கவில்லை என்று அதில் இருந்தது. வாரியத்தின் வக்கீல் அதைச் சத்தமாகப் படித்தார். நீ இதைக் கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் அவர்கள் சொன்ன விதத்தில் கேள்விப்பட்டிருப்பாய். நடந்ததை நடந்தபடி ஒருமுறை என் வாயால் கேள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லும்போது வாண்டாவைப் பார்க்கவில்லை. அவளுக்கு அதுவரை தெரியாது. பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. வாரியத்தின் வக்கீல் எழுந்து நல்ல மரியாதையாகக் கேட்டார்: “அந்த போன் பேச்சை நீங்க உங்க காதால கேட்டீங்களா சார்?” இல்லை, என் மனைவி சொன்னாள் என்றேன். “அப்ப அவங்களையே கேட்டுருவோமே,” என்றார். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. ஏன் இல்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உன் அம்மா ஈஸ்டருக்குப் போடும் உடுப்பில் வந்திருந்தாள். பைபிளில் கை வைத்தாள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றாள். கடைத் தண்ணீர் எதற்கு வாங்கினீர்கள் என்று மிஸ் ப்ரூவிட் கேட்டாள். “காபிக்கு,” என்றாள் அம்மா. அப்படியானால் உங்கள் கணவர் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்பப் பரிவாகத்தான் பார்த்தாள். “அவருக்கு நுரையீரல் போயிருச்சும்மா. மூச்சு குறைஞ்சா என்னத்தையாவது பேசுவாரு. கனவுல கண்டதை நடந்துச்சுன்னு சொல்லுவாரு. நாந்தான் பாத்துக்கிறேன்,” என்றாள்.

நான் எழுந்து கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வேறு வந்து தொலைத்தது. நீதிபதி எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பாட்டில் தண்ணீர்.

இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வீடு திரும்பினோம். வேறு எப்படித் திரும்புவது? மலை இறக்கத்தில் அவள், “மெதுவாப் போங்க, ஐஸ் கிடக்கு,” என்றாள். மெதுவாகப் போனேன்.

வாரியத்துக்கு முன்பே தெரியும் என்பதற்குச் சான்று இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். குழாய் வராது. வாரியம் நல்லெண்ணத்தின் பேரில் வீட்டுக்கு ஒரு வடிகட்டிக் கூஜா கொடுத்தது. எல்லிஸ் அதில் பீர் ஊற்றி வைத்திருக்கிறான். உனக்குப் பதவி உயர்வு என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அம்மா அதைக் கத்தரித்து எடுத்தாள். உன் படம் எது வந்தாலும் ஃபிரிட்ஜில் ஒட்டுவாளே, இதை ஒட்டவில்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஊரில் பாதிப் பேர் என்னைக் கண்டால் குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். கடையில் சில்லறையை இரண்டு தரம் எண்ணிக் கையில் வைக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் உன் அம்மாவைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்கள்.

வாண்டா என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் வாசலில் வண்டியை நிறுத்தினேன். வெளியே வந்து நின்றாள். “உங்க ரெண்டு பேருல யாரு பொய் சொன்னதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஆர்வில். தெரிஞ்சு நான் என்ன பண்ண?” என்றாள். “ஒரே ஒரு வார்த்தை. எனக்கு மட்டும். ஊருக்குச் சொல்ல வேணாம், கோர்ட்டுக்குச் சொல்ல வேணாம். ‘குடிக்காத வாண்டா’ன்னு வேலி இல்லாத வீட்டுலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருக்கலாம்.” அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவளை எல்லிஸ் கூட்டிப்போனான். போன வாரம் அவளும் புருஷனும் ஒஹாயோவில் தங்கை வீட்டுக்கே போய்விட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரி பக்கமாம். சங்கத்தைக் கூட்ட இனி ஆள் இல்லை. அவள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்களை இப்போது யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. வீட்டை விற்கப் பலகை நட்டிருக்கிறார்கள். இந்தத் தண்ணீருக்கு யார் வீடு வாங்குவார்கள்?

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ ஞாயிறுதோறும் அம்மாவுடன் பேசுகிறாய். பனியைப் பற்றிப் பேசுகிறீர்கள், பூசணிக்காய்ப் பலகாரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குக் கேட்கிறது. நீ போன் செய்யும் நேரத்தில் அவள் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அது சர்ச் நேரம். கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு அவள் சர்ச் வாசலை மிதிக்கவில்லை. போதகர் டென்சில் வந்து விசாரித்தார். முழங்கால் வலி என்றாள். முழங்காலில் ஒரு வலியும் இல்லை. மாடிப்படி ஏறி உன் அறையை நாள் தவறாமல் பெருக்குகிறாள்.

அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கூட இருந்தவன் ஆயிற்றே. சர்ச்சில் திருவிருந்து அப்பத் தட்டு வரிசையாகக் கை மாறி வரும்; மனதில் பாவத்தை மறைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது என்பார்கள். அவளிடம் வரும்போது அதை எடுக்கவும் அவளால் முடியாது, எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடவும் முடியாது, எல்லோரும் பார்ப்பார்கள். என்னிடம் அவள் இதைச் சொல்லமாட்டாள். உன்னிடம் சாகும் வரை சொல்லமாட்டாள்.

நான் உன்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை, அது முடிந்துபோன கதை. என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அதை வாங்கி வைக்க இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவள் பக்கத்தில் உட்கார். தட்டு முதலில் உன்னிடம் வரட்டும். நீ என்ன செய்கிறாயோ, அவளும் அதையே செய்வாள்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். மலைப்பாதையில் பார்த்து ஓட்டு.

அப்பா