தாழியின் மறுபாதி

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

நாங்கள் அகழாய்வு செய்யும் இந்தப் பக்கம் பழம்பொருள் எதுவும் இல்லை என்று மேலதிகாரி எழுதிவிட்டார். அவருக்குப் பதில் சொல்வதுபோல், குழியின் சுவருக்குள், இறந்தவரை வைத்துப் புதைத்த ஈமத்தாழி ஒன்று பாதி தெரிந்தது. மேலிருந்து முறையாகத் தோண்டினால் மழை முந்திக்கொள்ளும். அதனால் பக்கவாட்டில் குடைந்தேன். மண் என் அவசரத்தைப் புரிந்துகொண்டு, தாழியின் ஒரு பாதியையும் உடைத்துக்கொண்டு மொத்தமாக இறங்கி வந்தது. நெஞ்சு வரைதான் புதைந்தேன். இழுத்துப் போட்ட மேஸ்திரி, "இந்தக் குழியில உடையாம கிடைச்ச முதல் பொருள் நீங்கதான் சார்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். எழுத்து கோணலாக இருப்பது கண்ணாடி இல்லாததால், வேறொன்றுமில்லை.

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, பழையதை அனுப்பு. தாழி ஓடுகளைச் சுற்றி வைக்க உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும். துவைத்து அனுப்ப வேண்டாம்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. வானம் கறுக்கிறது. தாழியின் மறுபாதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது; மழை விழுந்தால் சுவரோடு நொறுங்கிவிடும். மேஸ்திரி என் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் கணவன்