ஒன்பது தோட்டாவும் என்னால்தான் போச்சு

அறிவுமதி,

புத்தூரில் உன் அத்தையைப் பார்க்கப் போகிறேன். தயிர்சாதம் மூடி வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடு, பிறகு படி.

நேற்று, "என் விஷயத்துல மூக்கை நுழைக்காதம்மா!" என்று கத்தினாய். இன்று நீ காலேஜுக்குக் கிளம்பியதுமே நுழைத்துவிட்டேன். உன் பேய் கேமின் இரண்டாம் பாகத்தை விளையாடினேன். மூன்று வாரமாக உன் பின்னால் நின்று பார்த்ததில் பட்டனெல்லாம் பழகிவிட்டது.

நீ கேமில் வரும் அந்தப் பாழடைந்த அபார்ட்மென்டில் ஓடிக்கொண்டே இருக்கிறாய். நான் ஒரு வீடு விடாமல் புகுந்து, குடியிருந்தவர்களின் கடிதங்களைப் படித்தேன். முதல் பாகத்தில் இவ்வளவு வம்பு கிடையாது. சத்தமும் அபாரம், நம் குக்கர் விசிலுக்கே பதறினேன். பேய்தான் சரியில்லை. உறைமோர் கேட்டு வருகிறவள் மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நின்றால் என்ன பயம் வரும்?

ஆனாலும் அதைச் சுட்டேன். கடைசிச் சண்டைக்கு நீ சேர்த்து வைத்திருந்த ஒன்பது தோட்டாவும் தீர்ந்துவிட்டது. பதற்றத்தில் சேவ் வேறு செய்துவிட்டேன். சேவ் செய்ய ஒரே இடம்தான் வைத்திருக்கிறான் கேமைச் செய்த பாவி. நீ சேவ் செய்து வைத்திருந்தது அழிந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். சாயங்காலம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. போன மாதம் போல மூன்று நாள் பேசாமல் மட்டும் இருக்காதே.

அம்மா

பி.கு. அந்த அபார்ட்மென்டில் நடந்த கொலையைச் செய்தது யார் என்று கடைசி வீட்டுக் கடிதத்தில் இருக்கிறது. கீழ்வீட்டு ஆனந்தவள்ளியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீ கண்டுபிடிக்கும்வரை சொல்லவும் மாட்டேன். சீக்கிரம் விளையாடு.