பதினொன்றாம் எண் கை

மார்ச் 3, செவ்வாய்

பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டாவது ரத்த மாதிரி. முதல் குழந்தை ஞாயிறன்றே இறந்துவிட்டது. இதிலும் அதே கிருமி. சிவப்புத் திரவத்தில் கலந்து வைத்தேன். வலுவான ஆன்டிபயாடிக்கையே உடைக்கிற நொதி இருந்தால் இரண்டு மணி நேரத்தில் மஞ்சளாகும். இருபதே நிமிடத்தில் மஞ்சள். மருத்துவரிடம் சொன்னேன். "அப்போ எதைத்தான் கொடுக்கிறது?" என்றார். பழைய மருந்து ஒன்று மிச்சம். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மார்ச் 4, புதன்

அந்தப் பிரிவின் பதினான்கு நர்ஸ்களின் கைகளிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும். தலைமை நர்ஸ் என் அக்கா. "அப்படியே ரேகையும் பாத்துச் சொல்லுடி" என்று கையை நீட்டினாள்.

மார்ச் 6, வெள்ளி

பதினொன்று. மஞ்சள்.

மறுபடி செய்தேன். மஞ்சள்.

அந்த எண்ணை அக்காவின் குச்சியில் எழுதியவள் நான்தானே. வீட்டுக்கு வந்தால் அக்கா என் மகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு நாள் தள்ளினால்தான் என்ன? – அந்த ஒரு நாளில் இன்னொரு குழந்தை.

மார்ச் 7, சனி

போட்டுவிட்டேன். உடை மாற்றும் அறையில் நானே அக்காவிடம் சொன்னேன்.

"நானா?"

"கையில இருக்குக்கா. நீ பண்ணினேன்னு சொல்லல."

"அந்த முதல் குழந்தைக்கு டிரிப்ஸ் ஊசி மாத்தினது நான்டி."

அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா தட்டு, துண்டு எல்லாம் தனியாக வைத்துக்கொண்டாள். மகள் கிட்டே போனால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நானும் மகளைப் பிடித்து இழுத்தேன். அக்கா பார்த்திருப்பாளோ?

மார்ச் 10, செவ்வாய்

அந்தப் பிரிவில் கை கழுவும் தொட்டியின் வடிகுழாய்க்குள்ளும் அதே கிருமி. தண்ணீர் விழும்போது மேலே தெறித்திருக்கிறது. கழுவக் கழுவ அக்கா கையில் ஏறியிருக்கிறது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"அப்போ கழுவாம இருந்திருக்கணுமா?" என்றாள்.

மார்ச் 14, சனி

இரண்டாவது குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. அந்தப் பழைய மருந்தால் சிறுநீர் குறைவு. ஃபோன் அடித்தால் அந்தப் பிரிவிலிருந்தா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

மார்ச் 31, செவ்வாய்

தொட்டியை மாற்றி மூன்று வாரம். புதிதாக யாருக்கும் இல்லை. குழந்தை நேற்று வீட்டுக்குப் போனது. அக்காவின் கை மூன்று சோதனையிலும் சுத்தம். நாளை வேலை – வெளிநோயாளிப் பிரிவு, அவளே கேட்டு வாங்கியது.

காலையில் மகளுக்குத் தலைவாரச் சொல்லிச் சீப்பை அவளிடம் நீட்டினேன். "நீயே வாரிவிடு" என்றாள். "எனக்கு நேரமாச்சுக்கா" என்று பொய் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு அக்காவின் குரல்:

"தலைய ஆட்டாம உக்காரு."